நோஞ்சான் கனகாம்பரம்

12.6.2024, புதன்

இன்றைக்கு நர்சரியில் செம்பருத்தி நன்றாகப் போனது. ஒரு கார்காரர் வேப்பங்கன்று வாங்கிப்போனார். வேப்பங்கன்றைக் காசு கொடுத்து வாங்குகிற காலம் வரும் என்று யார் நினைத்தது! பேரம் பேசவே இல்லை. பேரம் பேசாத ஆளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் பேத்தி பவதாரிணி பெட்டியும் பையுமாக வந்து இறங்கினாள். விவசாயக் காலேஜில் எம்.எஸ்சி., கடைசி வருஷம். ஆராய்ச்சியை நம்ம நர்சரியிலேயே செய்துகொள்ளலாம் என்று அவள் கைடு மேடம் சொல்லிவிட்டார்களாம். உடனே அவள் அப்பன், என் மகன் சிவபாண்டி, மேல்பக்கம் இடத்தைக் காலி பண்ணி அவளுக்குப் பச்சை வலைக் கொட்டகை போட ஆரம்பித்துவிட்டான். அங்கே இருந்தவை என் ரோஜாத் தொட்டிகள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு மறதி என்பது கிடையாது. எழுதினால், நெஞ்சில் நிற்கிற பேச்சு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மற்றதுக்கு இடம் கொடுக்கும். அதற்காகத்தான் எழுதுவது.

14.6.2024

பவா கனகாம்பர விதை கொண்டுவந்திருக்கிறாள். காய்ந்த காயில் தண்ணீர் தெளித்தால் டப் டப்பென்று வெடித்து விதை தெறிக்கும். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு விதை மருமகள் பாண்டிமீனாவின் காபிக்குள் போய் விழுந்தது.

“எதுக்குடி கனகாம்பரம்? ஒரு வாசம் உண்டா?”

“வாசம் இல்லாட்டி என்ன அப்பத்தா, வாடாம இருக்குல்ல.”

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செடிக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் செடி வளர்கிறது. பிரிவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற சாமானெல்லாம் இரண்டு செட்டாகிவிடும். ஆளுக்கு ஒரு செட்டைக் கயிறு கட்டி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு, நடுவில் சுவர் வைத்துக்கொள்ளும்.

“பாகம் பிரிக்கிறது” என்றேன்.

“அதேதான். நம்ம மருந்து அந்தக் கயித்தை அறுத்துரும். ரெண்டு செட்டுச் சாமானும் ஒரே வீட்டுல தங்கிரும். சுவரே வராது.”

“சண்டை வராதா?”

“செடிக்கு அதெல்லாம் தெரியாது அப்பத்தா.”

அந்தச் சாமானுக்குப் பேர் குரோமோசோமாம். இரட்டிப்பானால் இலை தடிக்கும், பூ பெரிதாகும், புதுச் செடி என்றே சொல்லலாமாம்.

எங்கள் வீட்டிலும் பாகம் பிரித்தார்கள். என் கொழுந்தன் முத்துப்பாண்டிக்குப் பாதி, என் வீட்டுக்காரர் சோணைமுத்துக்குப் பாதி. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொழுந்தன் பெண்டாட்டி முனீஸ்வரி இருக்கிறாள், மேலூரில் மகன் கட்டிய மாடி வீட்டில். மாமியாருடைய பெரிய பித்தளை அண்டா அவளோடு இருக்கிறது. எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

25.6.2024

இன்று முதல் மருந்து. நாற்று இரண்டு இலை விட்டு நிற்கிறது. நடுக்குருத்தில் மிளகு அளவு பஞ்சு. பஞ்சில் ஒரு சொட்டு. காலையும் மாலையும் பவா கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு பிறந்த பிள்ளைக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி விடுகிறாள்.

எதிலிருந்து எடுத்த மருந்து என்று கேட்டால் கண்வலிக்கிழங்குச் செடி விதையிலிருந்து என்கிறாள். அட! செவப்பும் மஞ்சளுமாக நெருப்பு மாதிரி வேலியில் பூக்குமே, அதுவா! நாங்கள் நடவுக்குப் போகும்போது அந்தப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டோம். அவ்வளவு விஷம்.

“தொட்டுட்டு அதே கையோட வெத்தலை போட்றாத அப்பத்தா.”

“நீ சொல்லாட்டி நக்கிப் பாத்திருப்பேன் பாரு.”

4.7.2024

நாற்றுகள் பாதி செத்துவிட்டன. பவா அதற்குச் சந்தோஷப்படுகிறாள், மருந்து வேலை செய்கிறதாம். நர்சரிக்காரி வீட்டில் செடி செத்ததற்குக் கைதட்டுகிற முதல் ஆள் இவள்தான்.

8.7.2024

பவா காலேஜுக்குப் போய்விட்டாள். பரீட்சையும் வகுப்பும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். போகும்போது எல்லாவற்றையும் அப்பனிடம் சொன்னாள், வேலைக்கு நிற்கிற தங்கப்பாண்டியிடம் சொன்னாள். என்னிடம் சொன்னது, “நீ அந்தப் பக்கம் போகாத அப்பத்தா” என்பது மட்டும். நான் என்ன ஆடா மாடா?

மருந்து வைத்த தட்டில் சிவப்புக் குச்சி, வைக்காத தட்டில் வெள்ளைக் குச்சி செருகியிருக்கிறது. நான் போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தேன்.

21.7.2024, ஞாயிறு

ஆடி பிறந்து நாலு நாளில் காற்று புத்தியைக் காட்டிவிட்டது. மத்தியானம் பச்சை வலை கிழிந்து கரண்ட் கம்பியில் தொங்கியது. தட்டுகள் கவிழ்ந்து, நாற்றுக் கவர்கள் உருண்டு, குச்சிகள் ரோட்டைத் தாண்டிப் பறந்தன. சிவபாண்டி ஓசூருக்கு லோடு எடுக்கப் போயிருக்கிறான். தங்கப்பாண்டிக்குக் காய்ச்சல்.

நான்தான் ஒவ்வொரு நாற்றாக எடுத்து நிமிர்த்தினேன். பாண்டிமீனா, “அத்தை, பாப்பா தொடக் கூடாதுன்னுச்சே” என்றாள். தொடாமல்? தரையில் கிடந்து காயட்டும் என்று விடுவதா?

எது எந்தத் தட்டு என்று இப்போது தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே. ஒரு கூட்டம் வழுவழுவென்று, தளதளவென்று நிற்கிறது. இன்னொன்று குட்டை, இலை சுருங்கி, தடித்து, அம்மை வார்த்த முகம் மாதிரி. இரட்டிப்பு என்றால் பெரிதாகத்தானே இருக்கவேண்டும்? நன்றாக இருப்பது மருந்து வைத்தது. நோஞ்சான் மருந்து வைக்காதது. அப்படியே பிரித்து வைத்தேன். நர்சரியில் வெள்ளிக்கு வெள்ளி நோஞ்சானைக் கழித்துத் தனியே போடுவதுதான் என் வேலை. கை தானாகப் போகிறது.

26.7.2024, ஆடி வெள்ளி

யார் வந்தது என்று சொன்னால் நம்பமுடியாது. முனீஸ்வரியின் மருமகள் ரோகிணி, ஸ்கூட்டியில்.

“பெரியத்தை, வாசல்ல வைக்க கனகாம்பரம் நாத்து இருக்கா? அத்தை கேட்டாங்க.”

அத்தை கேட்டாங்களாம். என் பேரைச் சொல்லி, தங்கப்பொண்ணு கையால் வாங்குகிற செடி தங்காது, கைராசி இல்லாத கை என்று சந்தையில் வைத்துச் சொன்னவள் அந்த அத்தைதான். மூன்று பேர் காதில் கேட்டு என்னிடம் வந்து சொன்னார்கள். மூன்று பேர் பேரும் எனக்குத் தெரியும்.

கழித்துப் போட்ட நோஞ்சான்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அத்தனையும் எடுத்துக் கவரில் போட்டு, சிரித்த முகமாக, “காசு வேணாம்மா, சொந்தத்துக்குள்ள என்ன காசு” என்று கொடுத்தேன். காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்துவிட்ட தங்கப்பாண்டி வண்டியில் வைத்துவிட்டான். அந்தப் பிள்ளை ரோகிணி கும்பிட்டுவிட்டுப் போனது. அது பாவம், ஒன்றும் தெரியாது.

இன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

2.8.2024

கொடுத்தது செத்தால் கைராசி இல்லை என்று அவள் சொன்னது நிசமாகிவிடாதா? இதை அன்றைக்கு யோசிக்கவில்லை.

18.8.2024, ஞாயிறு

பவா வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகக் கொட்டகைக்குள் போனாள். பிறகு ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டுவந்து, காலேஜிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு இலை. இன்னொன்று.

“எல்லாம் சாதாரணம். அப்பா, சிவப்புக் குச்சித் தட்டு எங்க?”

அவன் காற்றைப் பற்றிச் சொன்னான்.

“நல்லா இருக்கிறதெல்லாம் மருந்து பிடிக்காதது. இரட்டிப்பானது முதல்ல அசிங்கமாத்தான் இருக்கும், மெதுவாத்தான் வரும். குட்டையா, இலை தடிச்சு, சுருங்கி. அந்த மாதிரி இருந்ததுக எங்க அப்பத்தா?”

என் வாய் சொன்னது: “செத்துப் போச்சுடி.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கொட்டகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிசம்பர் முதல் வாரம் மேடம் நேரில் வந்து செடியும் பூவும் பார்க்க வேண்டுமாம். மறுபடி விதை போட்டால் அதற்குள் பூக்காது. ஒரு வருஷம் போனது போனதுதான். ஓசூரில் ஒரு பூச்செடிக் கம்பெனியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் போகும்.

ஏண்டி, அசிங்கமா இருக்கிறதுதான் நல்லதுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன? எல்லாத்தையும் அப்பங்கிட்டயே சொல்லுவியா? நான் யாரு இந்த வீட்டுல?

19.8.2024

கழித்துப் போட்ட மூலையில் போய்த் தேடினேன், ஒரு நோஞ்சான்கூட மிச்சம் இல்லை.

27.8.2024

பாண்டிமீனாவிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. முந்தானையை வாயில் வைத்து அமுக்கியும் நிற்கவில்லை.

“நீ போய் முனீஸ்வரிகிட்ட வாங்கிட்டு வந்துரு” என்றேன்.

“நான் மாட்டேன். நீங்க குடுத்தது. நீங்களே போய்க் கேளுங்க அத்தை.”

அவள் வாசலை நான் மிதிப்பதா? அவள் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பந்தி முழுவதும் அப்பளம் வைத்துக்கொண்டு வந்து, என் இலைக்கு நேராகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள். அந்தத் தட்டில் அப்பளம் இருந்தது. நான் பார்த்தேன். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான்.

5.9.2024, வியாழன்

தங்கப்பாண்டியை அனுப்பினேன். சட்டையை உள்ளே விட்டு, பையில் பேனா குத்தி, “கனகாம்பரத்துல ஒரு புது நோய் வருதாம், செடியை எடுத்துட்டுப் போய்ச் சோதிக்கணும்னு சொல்லு. முனீஸ்வரி உன்னைப் பாத்தது இல்லை” என்று சொல்லித்தான் அனுப்பினேன். நல்ல ரோசனை. கெட்டதற்குக் காரணம் ரோகிணி. கதவைத் திறந்ததும், “அண்ணே, நீங்கதான அன்னிக்குச் செடியை வண்டியில வச்சுவிட்டீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன பெரியம்மா, முனீஸ்வரியம்மா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச்சு. போண்டா குடுத்துச்சு.”

“தின்னியா?”

“சூடா இருந்துச்சு பெரியம்மா.”

செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டுகிறான். கரும்பச்சையாம், இலையைத் தொட்டால் தோல் மாதிரி இருக்கிறதாம், ஒன்றுகூடச் சாகவில்லையாம். முனீஸ்வரி சொல்லி அனுப்பியது: “அக்காவுக்கு வேணும்னா அக்காவே வரட்டும்.”

இதெல்லாம் சொல்லும்போது பவா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது.

6.9.2024

பவா பேசவில்லை.

7.9.2024

பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்து தட்டில் கொண்டுபோய் வைத்தேன். எடுத்துத் தின்றாள். பேசவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், முடிந்திருக்கும்.

10.9.2024

பேசிவிட்டாள். ஆனால் என்ன பேசினாள்!

அவளே மேலூர் போய் முனீஸ்வரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். செடியைக் காட்டவே இல்லையாம் அவள். கேட்டைப் பூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நின்று, “உங்க அப்பத்தா வந்தா திறப்பேன் தாயி” என்றாளாம்.

“உங்க சண்டையில எனக்கு எந்தப் பங்கும் வேணாம் அப்பத்தா. எனக்கு அந்தச் செடி வேணும். செத்துப்போச்சுன்னு எங்கிட்டப் பொய் சொன்னல்ல? அதுக்காவது வா.”



23.9.2024, திங்கள்

போனேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டேன், கல்யாணத்துக்குப் போகிற சேலை. பஸ்ஸில் பவா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், வழியில் இறங்கி ஓடிவிடுவேன் என்கிற மாதிரி. மேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தோம்.

முனீஸ்வரி வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். தலையில் கறுப்பே இல்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆள் இல்லை. மகன் விக்ரம் கப்பலூர் பேக்டரியில், ரோகிணி ஒரு துணிக்கடையில். பகல் முழுவதும் அந்தப் பெரிய வீட்டில் இவள் ஒருத்திதான்.

“வாங்கக்கா. வழி தெரிஞ்சுச்சா?”

“பேத்தி கூட்டியாந்தா.”

“அதான பாத்தேன்.”

மதிலோரம் வரிசையாக நின்றன. நான் எத்தனையோ செடி பார்த்தவள். கனகாம்பரம் இப்படி நின்று பார்த்ததில்லை. குட்டைதான். ஆனால் தண்டு பேனாத் தடிமன், இலை எண்ணெய் தடவியது மாதிரி, ஒவ்வொரு நுனியிலும் கதிர் விடப் போகிற முடிச்சு. மண் கொத்திவிட்டு, பாத்தி கட்டி, ஒரு புல் கிடையாது.

“நல்லா வச்சிருக்க” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“நோஞ்சானாப் பொறுக்கிக் குடுத்தீகளேக்கா! ரோகிணி கவரைப் பிரிச்சதுமே சொன்னேன், இது உங்க பெரியத்தை எனக்குன்னே பாத்துப் பாத்து எடுத்ததுன்னு.”

“தெரிஞ்சும் எதுக்கு வச்ச?”

“சாகவிட்டா நீங்க ஜெயிச்சதா ஆயிரும்ல. மீன் கழுவுன தண்ணி, அரிசி கழுவுன தண்ணி, டீத்தூளு, ஒண்ணு விடல. காத்துக்குச் சாக்குக் கட்டிவிட்டேன். என் மகனுக்குக்கூட அம்புட்டுப் பாக்கல.”

நான் அண்டாவைக் கேட்டேன். அவள், கல்யாணத்தன்று அவள் கையில் மருதாணி சிவக்கவில்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்னது யார் என்று கேட்டாள். நான் அப்பளத்தைக் கேட்டேன். “தட்டுல இருந்தது உடைஞ்ச அப்பளம்க்கா, மூத்தவளுக்கு உடைஞ்சதை வைக்கக் கூடாதுன்னு முழுசு எடுக்க உள்ள போனேன், திரும்பி வந்தா இலை கிடக்கு, ஆளைக் காணோம்” என்கிறாள். நம்பவில்லை. நிசமாக இருந்தால் இத்தனை நாள் சொல்ல என்ன? நான் கைராசிக்கு வருவதற்குள் அவள், தன் புருசன் செத்தபோது நான் மூன்றாம் நாள்தான் வந்தேன் என்றாள். இவளுக்கும் மறதி கிடையாது. எனக்கு அது தெரியாமல் போயிருந்தது.

பவா எங்கள் நடுவில் குத்தவைத்து, கிளைக்கு ஒன்றாக மிளகு அளவு பிஞ்சுக் குருத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சீசாவில் போட்டாள்.

“ஏ தாயி, குருத்தை எதுக்கு அறுக்கிற? செய்வினை கிய்வினை வைக்கப் போறீகளா?”

“எண்ணிப் பாக்க, சின்ன அப்பத்தா. ரெட்டையா ஒத்தையான்னு குருத்து நுனியிலதான் தெரியும்.”

செடியைக் கேட்டோம். முனீஸ்வரி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கதிர் விடுகிற செடியை வாசலிலிருந்து பிடுங்கிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெண் எடுத்த வீட்டிலிருந்து திருப்பி அனுப்புகிற மாதிரி அது. அதற்கு மேல் நானும் பேசமுடியாது, எனக்கும் அதே வழக்கம்தான்.

“பாக்கணும்னா வந்து பாருங்க. எழுதணும்னா இங்க உக்காந்து எழுதிக்கட்டும். ஆனா அக்காவும் கூட வரணும். பேத்தியை அனுப்பிட்டு நர்சரியில உக்காந்துக்கலாம்னு நினைக்காதீக.”

“நான் எதுக்கு?”

அவள் காபி போட உள்ளே போனாள். குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி.

8.10.2024

பவாவுக்குப் போன் வந்தது. குருத்தில் குரோமோசோமை எண்ணியாகிவிட்டது. நாலு செடி முழு இரட்டை. மற்றவை கலவை, ஒரு கிளை இரட்டை, ஒரு கிளை பழையபடி. என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவளுக்கு.

22.10.2024

செவ்வாய்க்குச் செவ்வாய் மேலூர். இலையை அளப்பாள், கதிரை அளப்பாள். நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருப்போம். இன்றைக்குக் கேட்டது: மாமியார் செத்த அன்று சாவிக்கொத்தை எடுத்தது யார். பஸ் வருகிறவரை முடியவில்லை. அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து.

12.11.2024

முதல் பூ! சாதாரணக் கனகாம்பரம் பக்கத்தில் வைத்தால் அக்காவும் தங்கச்சியும் மாதிரி. இதழ் தடிப்பு, அகலம், நிறம் ஒரு பிடி கூட. மகரந்தத்தைக்கூடக் கண்ணாடியில் காட்டினாள், உருண்டை உருண்டையாகப் பெரிசு.

முனீஸ்வரி முதல் கதிரைக் கிள்ளிச் சாமிக்கு வைக்கப் போனாள். பவா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அளந்துட்டுத் தாரேன் சின்ன அப்பத்தா!”

“சாமியை எம்புட்டு நேரம் நிக்கச் சொல்லுவ?”

சாமி காத்திருந்தது.

5.12.2024, வியாழன்

மேடம் வந்தார்கள். நர்சரிக்கு இல்லை, முனீஸ்வரி வீட்டு வாசலுக்கு. கோலம் என்ன, கேசரி என்ன, ரோகிணிக்கு லீவு போடவைத்தது என்ன. மேடம் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பூவைக் கையில் வைத்து, பவாவைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குழந்தை ஒன்றுக்கும் தடுமாறவில்லை. எனக்குத்தான் வேர்த்துவிட்டது.

பிறகு ஆராய்ச்சிச் செடி எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்டார்கள். பவா வாயைத் திறப்பதற்குள் முனீஸ்வரி சொல்லிவிட்டாள்:

“குடுத்தது அக்கா. வளத்தது நான். அதுக்கு மேல கேக்காதீக மேடம், குடும்ப விசயம்.”

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். மேடம் முன்னால், பேத்தி முன்னால். கைக்கு வந்த சந்தர்ப்பம். நான் அவள் இடத்தில் இருந்தால் விட்டிருப்பேனா?

பவாவே பிறகு காற்றடித்தது, தட்டு மாறியது எல்லாம் மேடத்திடம் சொன்னாள். மறைக்கக் கூடாதாம். குருத்தில் எண்ணிய கணக்குதான் சாட்சி, அது சரியாக இருக்கிறது, ஆய்வு செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். கேசரி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

29.1.2025

பவா பாஸ். புத்தகமாகப் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும். முனீஸ்வரி பேர் முதலில், என் பேர் இரண்டாவது. இங்கிலீஷில் அவள் எழுத்து முன்னால் வருமாம். இருக்கட்டும். இதையும் எழுதி வைக்கிறேன்.

10.2.2025

பவாவை ஓசூர் பஸ் ஏற்றிவிட்டோம். வேலை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் சிவபாண்டி அழுதான். நான் அழவில்லை. தூசி.

4.3.2025, செவ்வாய்

பேத்தி இல்லாமலும் செவ்வாய்க்கிழமை மேலூர் போய்வந்தேன். பஸ் சும்மாதானே, பெண்களுக்கு.

19.3.2025

பவா போன் பண்ணினாள். இரட்டைச் செடியில் காயெல்லாம் பொக்கு, ஒன்றிரண்டில்தான் விதை. விதையை நம்பிப் பிரயோசனம் இல்லை, குச்சி வெட்டி வேர் விடவைத்தால்தான் பெருக்கலாம். “சின்ன அப்பத்தாகிட்டக் கேட்டு நாலு குச்சி வாங்கி நம்ம நர்சரியில வையி அப்பத்தா. நம்ம பேர்ல ஒரு ரகம் வரும்.” வெயில் ஏறுவதற்கு முன்னால் வைக்கவேண்டும்.

25.3.2025, செவ்வாய்

மேலூர் போனால் வீடு பூட்டியிருக்கிறது. ரோகிணிக்குப் போன் போட்டேன். முனீஸ்வரி மகள் வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறாளாம், மகளுக்குப் பேறுகாலம். “நீங்க வருவீங்கன்னு அத்தை கேட் சாவியை எதுத்த வீட்டுல குடுத்துட்டுப் போனாங்க பெரியத்தை. உங்ககிட்ட மட்டும்தான் குடுக்கணும்னு.”

திறந்து உள்ளே போனேன். வெயிலில் இலை லேசாகத் துவண்டிருந்தது. இரண்டு குடம் ஊற்றினேன். பட்ட இலையைக் கிள்ளினேன். வெட்டுகிற பருவத்தில் பத்து இருபது குச்சி நின்றன, பென்சில் தடிமன், அருமையான குச்சி. கத்தரி பையில்தான் இருந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை.

கேட்டைப் பூட்டிவிட்டு எதிர்த்த வீட்டில் நின்று அவளுக்குப் போன் பண்ணினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரசவ வீடு, கையில் வேலை இருக்கும்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பேரன் பிறந்திருக்கிறான். அதைப் பேசி முடித்துவிட்டு, “எதுக்குக்கா போன் போட்டீக?” என்று கேட்டாள்.

“நாலு குச்சி வேணும் முனீஸ்வரி. வெட்டிக்கிடவா?”